வலீத் பேரில் நாற்பது வேலை

ரவுதா: ...கதவைச் சாத்திட்டு உட்காரு அனிஸ். ஏசி காத்தெல்லாம் வெளிய போகுது.

அனிஸ்: கூப்பிட்டீங்களாமே மேடம். மிஷின் ரூம் மேடம் கூப்பிட்டாங்கன்னாலே எங்க லேப்ல எல்லாரும் பதறுறாங்க.

ரவுதா: நீ ஏன் பதறணும்? டீ குடி. பாதாம் மிதக்குது பாரு.

அனிஸ்: ஆறட்டும்... விஷயத்தைச் சொல்லுங்க.

ரவுதா: நம்ம பெரிய கம்ப்யூட்டர்ல உன் கடல் கணக்கு எத்தனை நாளா வரிசையில நிக்குது?

அனிஸ்: பன்னெண்டு நாள். திங்கக்கிழமை துனிஸ்லேர்ந்து நடுவர் குழு வருது. ரிசல்ட்டைக் காட்டலேன்னா உதவித்தொகை கட், என் டாக்டர் பட்டம் அம்போ. தெரிஞ்சுக்கிட்டே கேக்குறீங்களே!

ரவுதா: மொத வாரம் தினம் வந்து குதிச்சியே. 'நேத்து வந்த சிரீன் எனக்கு முன்னாடி எப்படிப் போனா? நீங்கதானே விட்டீங்க?'ன்னு...

அனிஸ்: அது கோவத்துல...

ரவுதா: நான் என்ன சொன்னேன்? அவ நாலு பிராசஸர்தான் கேட்டா, கிடைச்ச இடுக்குல நுழைஞ்சிட்டா. நீ நூத்தி அறுபதும் ஒரே நேரத்துல வேணும்னே. கல்யாண வீட்டுக் கூட்டத்தோட ஹோட்டலுக்குப் போனா வாசல்லதான் நிக்கணும்.

அனிஸ்: சரி மேடம், புரிஞ்சுதுன்னு அன்னைக்கே சொல்லிட்டேனே.

ரவுதா: அங்கதான் இடிக்குது! ஞாயித்துக்கிழமையிலேர்ந்து உன்கிட்ட ஒரு சத்தமும் இல்ல.

அனிஸ்: பொறுமையா இருந்தாலும் குத்தமா?

ரவுதா: உன் பொறுமையைப் போன ரமலான்லயே பாத்தேன். பாங்கு சொல்றதுக்குள்ள ரெண்டு பேரீச்சம்பழத்தை முழுங்கினவன் நீ.

அனிஸ்: அந்தக் கடிகாரம் தப்பு மேடம்!

ரவுதா: ம்... வலீத் எப்படி இருக்கான்?

அனிஸ்: எந்த... வலீத்?

ரவுதா: உன் ரூம்மேட். மார்ச்ல கனடா போனவன்.

அனிஸ்: ஓ, அவனா. பனியில வழுக்கி விழுந்துட்டு போட்டோ அனுப்புறான்.

ரவுதா: விழுந்த கையோட இங்க நாப்பது வேலை அனுப்பியிருக்கான். நாலு நாலு பிராசஸரா, ஒவ்வொரு இடுக்குலயும் ஒண்ணு. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து ஓடுது.

அனிஸ்: ...அப்படியா.

ரவுதா: ஓடுதுன்னு சொல்றது கூடத் தப்பு. மேல இருந்த பத்தைத் திறந்து பாத்தேன். எல்லாம் சும்மா உக்காந்திருக்கு. எவனோ துண்டு போட்டு இடம் பிடிச்சு வெச்சிருக்கான்.

அனிஸ்: சும்மா இருக்காது... அதாவது, இருக்கலாம். எனக்கென்ன தெரியும்?

ரவுதா: நெஜமாவே தெரியாது?

அனிஸ்: தெரியாது.

ரவுதா: என்னைப் பாத்துச் சொல்லு.

அனிஸ்: சத்தியமா தெரியாது மேடம்... என்ன தட்டினீங்க இப்ப?

ரவுதா: ஒரு மெயில். நீ டீயைக் குடி.

அனிஸ்: யாருக்கு மெயில்?

ரவுதா: உனக்கென்ன வந்துச்சு? நம்ம இயக்குநர் வேற கொதிச்சுப் போயிருக்கார். சாயந்திரம் வலீத்தோட கனடா பேராசிரியருக்குப் புகார் எழுதப் போறாராம்.

அனிஸ்: ஐயையோ, வேண்டாம்!

ரவுதா: ஏன்?

அனிஸ்: அவனுக்கு ஒண்ணும் தெரியாது. பாவம், இப்பதான் போய்ச் சேர்ந்திருக்கான். அவன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்... நான்தான் மேடம்.

ரவுதா: நினைச்சேன். வெக்கமா இல்ல? நாப்பது இடத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு...

அனிஸ்: பிடிச்சு வெக்கல! நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன். கடலை நாப்பது துண்டா வெட்டி இடுக்குல நுழைச்சேன். ஒரு ஆளுக்கு நாலு வேலைக்கு மேல கூடாதுன்னு என் அக்கவுண்ட்ல விடாது. வலீத்தோடது பழைய அக்கவுண்ட், அதுல அந்தக் கட்டுப்பாடு இல்ல.

ரவுதா: அப்ப அந்தப் பத்தும் ஏன் சும்மா இருந்துச்சு?

அனிஸ்: அது கரையோரத் துண்டுங்க. தண்ணி கம்மி, சீக்கிரம் முடிச்சிடும். ஆழக்கடல் துண்டுங்க முடிக்கிற வரைக்கும் காத்திருக்கும். மீதி முப்பதும் உசிரைக் குடுத்து உழைக்குது!

ரவுதா: ...முப்பதுமா?

அனிஸ்: நீங்க பாக்கலியா?

ரவுதா: வரிசையில உன் பழைய வேலை நிக்குதே, அது?

அனிஸ்: யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னு விட்டு வெச்சேன். மேடம், என்ன தண்டனை வேணா குடுங்க, ஏத்துக்கிறேன். இன்னைக்கு நாலு மணிக்கு முடிஞ்சிடும். இன்னும் அஞ்சு மணி நேரம்தான். அது வரைக்கும் மட்டும் விட்டுடுங்க.

ரவுதா: நடுநடுவே சேமிச்சு வெச்சிருக்கேல்ல? விட்ட இடத்துலேர்ந்து தொடர்ற மாதிரி?

அனிஸ்: வேகம் குறையுதுன்னு அதை எடுத்துட்டேன்... ஏன் மேடம்? ஏன் அப்படிப் பாக்குறீங்க?

ரவுதா: அனிஸ்... நீ தெரியாதுன்னு சத்தியம் பண்ணப்ப நான் தட்டினது மெயில் இல்லப்பா. நாப்பதையும் நிறுத்திட்டேன்.