டியூக் காரின் முதுகைச் சரித்தவருக்கு

வளைகோட்டின் வள்ளலே! வான்ஸ்டோன் மோட்டார் கம்பெனியின் வடிவக்கூடத்தை இருபத்தாறு ஆண்டுகள் வழுவாது ஆண்ட வேந்தே! களிமண்ணைக் காராக்கும் கைவண்ணம் கொண்ட கலைமணியே! பணி நிறைவு பெறும் எங்கள் தலைமை வடிவமைப்பாளர் மெரிட் ஹேவிலாண்ட் அவர்களே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு, இருபத்திரண்டு ஆண்டுகளாக உதவித் தலைவனாகவே உட்கார்ந்து நாற்காலியைத் தேய்த்த லூதர் கிம்பலாகிய எனக்கு வந்தது. என் கையெழுத்து அழகாக இருக்கிறதாம். வயிறு எரியாத ஒருவரைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. ஆகவே எரிகிற வயிற்றோடே புகழ்கிறேன், பொறுத்தருள்க!

காலந்தவறாத கடமை வீரரே! காலை எட்டு மணி அடிக்கும்போது உங்கள் தொப்பி கொக்கியில் தொங்கும். ஏழே முக்காலுக்கே தொங்கும் என் தொப்பியை எவரும் பாடியதில்லை. நகைச்சுவை நாவலரே! நீங்கள் சொல்லும் துணுக்குக்கு இயக்குநர்கள் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். அதையே நான் சொன்னால் மணி என்ன என்று கேட்பார்கள். வெள்ளைப் பருத்திக் கையுறை அணிந்து, கண்மூடி, களிமண் மாதிரியின் மேல் உள்ளங்கையை ஓடவிட்டு, மயிரிழை மேட்டையும் கண்டுபிடிக்கும் மாயக்கரத்தாரே! நானும் அதே கையுறை அணிந்து தடவுகிறேன். எனக்குக் கையுறைதான் தட்டுப்படுகிறது.

உங்கள் புகழுக்கெல்லாம் மணிமுடி டியூக் கார். 1935 ஜனவரியில் ஆடம்பரக் கார் வாங்க ஆளில்லை. டியூக் தோற்றால் கம்பெனிக்குப் பூட்டுதான் என்று டெட்ராய்ட் முழுக்கப் பேச்சு. பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின் தயார்; உடல் மட்டும் அமையவில்லை. முழு அளவுக் களிமண் மாதிரியின் பின்புறம் ரொட்டிப் பெட்டிபோல் விறைத்து நின்றது. மெழுகு கலந்த அந்தக் களிமண் குளிரில் இறுகாதிருக்க நீராவிச் சூடாக்கியைத் திறந்து வைப்போம். கடைசியாகப் போகிறவர் அதன் பித்தளைத் திருகுப்பிடியைத் திருகி மூட வேண்டும் என்பது கூடத்தின் சட்டம்.

அந்தச் சனிக்கிழமை மதியம் கடைசியாகப் போனவன் நான். உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிக்கும் அவசரத்தில் மூட மறந்தேன். என் மனைவியிடம்கூடச் சொல்லாததை இன்று இந்த அவையில் சொல்கிறேன்.

திங்கள் காலை வந்து பார்த்தால், கூரையின் பின்பாதி இளகிப் பின்சக்கரம் வரை வழிந்து கிடந்தது. பதறிப்போய்ச் சுரண்டியை எடுத்தேன். அப்போது நீங்கள் வந்தீர்கள்.

“யோவ் கிம்பல், கை வைக்காதய்யா!”

“இடிஞ்சு போச்சு சார். யாரும் பாக்கறதுக்குள்ள நிமித்திடறேன்.”

“இடியலய்யா, இப்பத்தான் உக்காந்திருக்கு. மூணு மாசமா நிக்க வச்சே வதைச்சிருக்கோம். நீ போய் ரெண்டு காப்பி வாங்கிட்டு வா.”

காப்பியோடு திரும்பியபோது, ஜனவரிக் குளிரில் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, கண்மூடிச் சரிவைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். பின்னாலேயே முதலாளி வந்தார்.

“எவன்யா என் காரை உருக்குனது? ராத்திரி பகலா சூடாக்கி எரிஞ்சிருக்கா? எவனா இருந்தாலும் இன்னைக்கே வீட்டுக்குப் போகட்டும்!”

“உருகலைங்க, நான் செஞ்சது. புடிக்கலேன்னா என்னை அனுப்புங்க. அந்தச் சூடாக்கிக்குத் திருகுப்பிடியே இல்ல, எவன் திறக்கறது?”

பிடி இல்லைதான். உடைந்திருக்கும், தப்பித்தோம் என்று நினைத்தேனே ஒழிய, யோசிக்கவில்லை. டியூக் சந்தையில் நன்றாக ஓடியது. கண்காட்சியில் பரிசு வாங்கியது, பத்திரிகைகள் ‘ஹேவிலாண்ட் சரிவு’ என்று எழுதின, கம்பெனி பிழைத்தது. உருக்கியது நான், உலகம் தூக்கிக் கொண்டாடியது உங்களை! என் மறதியைத் திருடிவிட்டீர்கள் என்று ஆறு ஆண்டுகள் வெந்தேன். இம்மடலின் முதல் வரைவில் வரிக்கு ஒரு ஊசி வைத்திருந்தேன்.

சென்ற வெள்ளிக்கிழமை மேசையைக் காலி செய்தீர்கள். அடி இழுப்பறையிலிருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தீர்கள். பித்தளைத் திருகுப்பிடி.

“இந்தா, உன்னோடது. இனிமே கடைசியாப் போறவன் நீதான். மூடிட்டுப் போ.”

ஊசிகளையெல்லாம் அன்றே பிடுங்கிவிட்டேன். கார் விலைபோகுமா என்று எவருக்கும் தெரியாத காலையில், என்னைக் காப்பிக்கு அனுப்பிவிட்டு இதைக் கழற்றி ஒளித்து, என் வேலைக்காக உங்கள் வேலையைப் பணயம் வைத்திருக்கிறீர்கள். வைத்ததை ஆறு ஆண்டுகள் வாய்திறந்து சொல்லவும் இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அந்தச் சரிவின் முன் உங்களுக்கு முன்பே கால்மணி நேரம் நின்றவன் நான். எனக்கு ஏன் அதன் அழகு தெரியவில்லை? இதுவரை உங்கள் கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது மனசையும் பார்த்துப் பொறாமைப்பட வைத்துவிட்டீர்களே, இது நியாயமா?

பெருந்தகையீர்! துணைவியாருடன் நோயின்றி நூறாண்டு வாழ்க! உறைந்த ஏரியில் என் தூண்டிலைத் தொடாத மீனெல்லாம் உங்கள் தூண்டிலுக்கே வருக! வரும், எனக்குத் தெரியும்.

டெட்ராய்ட், பிப்ரவரி 1941.

வடிவக்கூடத்து ஊழியர் அனைவரின் சார்பில்,
சூடாக்கியை மூடிவிட்டு, மறுபடியும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்திடும்
லூதர் கிம்பல்