வஹாம என்ற சொல்

பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே மேசை போட்டு, இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். என் எழுத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது.

ஐயா, "சிங்களக் கடிதத்தைப் பிழையாக வாசித்துவிட்டேன் என்று எழுதித் தாரும், போதும்" என்று விசாரணையின்போது கேட்டீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். நான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வீரய்யா அண்ணன் குடியிருந்த தேயிலைத் தோட்ட லயம், மண் வெடித்த சரிவின் கீழே இருந்தது. அந்த வரிசையில் மற்றக் காம்பராக்காரர்கள் எல்லாரும் புது வீடு கிடைத்துப் போய்விட்டார்கள். அண்ணனும் ரெங்கம்மா அண்ணியும் மகள் சுபாஜினியும்தான் மிச்சம். புது வீடும் ஒன்றுதான் மிச்சம். பட்டியலில் அவருக்கு அடுத்த பெயர் என்னுடையது. என் லயத்தில் வெடிப்பு இல்லை. ஆனாலும் ஏழு பேர்ச் காணியும் அதற்கான உறுதிப் பத்திரமும் சேர்ந்து வரும் வீடு என்பதால் என் பெயரை நானே எழுதிச் சேர்த்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணனுக்கு அரசாங்கக் கந்தோரிலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்தது. மாலையில் வீட்டுக்குப் போகிற வழியில் என்னைக் கூப்பிட்டு வாசிக்கக் கொடுத்தார்கள். மண் சரியும் அபாயம் இருப்பதால் வஹாம வெளியேறிப் புது வீட்டைப் பொறுப்பெடுங்கள் என்று இருந்தது. வஹாம என்றால் உடனடியாக. நான் "வசதிபோல" என்று வாசித்தேன். இரண்டும் ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஏழு நாளில் வராவிட்டால் வீடு அடுத்தவருக்குப் போகும் என்ற கடைசி வரியை வாசிக்கவில்லை. அவர்கள் கேட்கவுமில்லை.

"அப்ப தீவாளி முடிச்சிட்டுப் போலாமா தம்பி?"

"போலாம்ண்ணே."

"ஒழுகுற தகரத்த மாத்தவே இந்த மனுசனுக்கு மூணு வருசமாச்சு" என்றார் அண்ணி. "வீட்ட மாத்தவா அவசரப்படப் போறாரு."

சுபாஜினி கடிதத்தை வாங்கி விரல் வைத்து எழுத்துக்கூட்டினாள். "வ... ஹா... ம. சித்தப்பா, வஹாமன்னா உடனேன்னு டீச்சர் சொன்னாங்களே."

"பள்ளிக்கூடச் சிங்களம் வேறம்மா, கந்தோருச் சிங்களம் வேற."

"சித்தப்பாவுக்கே பாடம் எடுக்கிறியா நீ" என்று அண்ணன் அவள் தலையில் செல்லமாகத் தட்டினார். அவள் வெட்கப்பட்டு, கடிதத்தை மடித்து என்னிடமே தந்தாள்.

எட்டாம் நாள் வீடு என் பெயருக்கு மாறியது. அதன் பிறகும் நான்கு நாள் அந்த வாசல் வழியாகத்தான் போய்வந்தேன். மழை விடவில்லை. ஒருநாள் அண்ணி இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ கொடுத்தார். சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு மலை இறங்கியது. மூவரும் உள்ளே இருந்தார்கள். சுபாஜினியை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்.

புது வீட்டில் ஏழு மாதமாக இருக்கிறேன். நல்ல சுவர். வெள்ளிக்கிழமைகளில் மூவருக்கும் விளக்கு வைக்கிறேன். அவர்கள் வீட்டிலேயே வைப்பதில் எனக்கு ஓர் ஆறுதல். மழை தொடங்கினால் மட்டும், அடுத்த அறையில் யாரோ எழுத்துக்கூட்டுகிறார்கள். மூன்று எழுத்துத்தான். முடிந்ததும் திரும்பத் தொடங்குகிறது. "நீ சொன்னது சரிம்மா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நிற்கவில்லை.

ஆகவே பிழை என்று எழுத முடியாது, ஐயா. அந்த வீட்டைக் கேட்டு நான் சிங்களத்தில் எழுதிய விண்ணப்பம் கந்தோர்க் கோப்பில் இருக்கும். எடுத்துப் பாருங்கள். திகதி அதே செவ்வாய்க்கிழமை. 'வீரய்யா குடும்பத்துக்கு வீடு வேண்டாமாம். அதை எனக்கு வஹாம தரவும்.'

அதிலும் அடித்தல் திருத்தல் இல்லை.