ஆயரும் அமைச்சரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்

மேடையிலுள்ள சக ஆயர்களே, எதிர்க்கட்சி நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உள்துறை அமைச்சர் அவர்களே, சிறையிலுள்ள மாணவர்களின் பெற்றோரே, வணக்கம். நீங்கள் அடிக்கடி வாசலைத் திரும்பிப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. வெளியே காவல்துறை வண்டிகள் நிற்கின்றன. சுருக்கமாகவே பேசுகிறேன்.

மறைந்த மேதகு ஆயர் அவர்களும் நம் அமைச்சரும் உடன்பிறந்தவர்கள் என்பது ஊரறிந்த செய்தி. அரசு தேர்தலைத் தள்ளிவைத்தது. எதிர்த்துப் பேசிய மாணவர்களைப் பிடித்து அடைத்தது. நாடு கொந்தளித்தபோது, ஆயர்கள் நடுவராக இருக்கட்டும் என்று இரு தரப்பும் கேட்டன. எங்கள் ஆயர் பேரவை அவரை அனுப்பியது. துணைக்கு நான் போனேன்.

"தம்பிக்கு விட்டுக்கொடுப்பார்" என்றது எதிர்க்கட்சி. "கூடப் பிறந்தவனையே காட்டிக்கொடுக்கிறார்" என்றது ஆளுங்கட்சி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவரோ, "எங்க வீட்டுல அம்மாதான் உள்துறை. அவங்க இருந்திருந்தா ஒரே அதட்டல்ல எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்று சிரிப்பார்.

ஒருநாள் பேச்சின் நடுவே அமைச்சர் எழுந்துவிட்டார்.

"அண்ணா, நீங்க பூசையப் பாருங்க. நாட்ட நாங்க பாத்துக்கறோம்."

"பூசைக்கு வர்ற தாய், எம்புள்ள எங்கன்னு கேக்குறாடா தம்பி. நான் என்ன சொல்லட்டும்?"

கதவை அறைந்து சாத்திவிட்டு அமைச்சர் வெளியேறினார்.

அடுத்த ஞாயிறு, பேராலயத்தில் ஆயர்களின் அறிக்கையை அவரே வாசித்தார். தேர்தல் நாளை அறிவியுங்கள், மாணவர்களை விடுவியுங்கள். இவ்வளவுதான் அதில் இருந்தது. அன்றோடு தம்பி வீட்டோடு போக்குவரத்து அற்றுப்போனது. தேர்தல் நாள் அறிவிப்பு வந்தது. மாணவர்கள் வரவில்லை. அவர்களுக்காக அடுத்த பேச்சைத் திங்கட்கிழமை என்று குறித்தோம்.

அதன்பின் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அறைக்குள் நடந்துகொண்டே இருப்பார். "கொஞ்சம் உக்காருங்களேன்" என்றால், "உள்ள இருக்குற பிள்ளைங்களுக்கு நடக்க இடம் இருக்குமா?" என்பார். அப்படி நடக்கும்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

யாருக்காக நடந்தார்? கட்சிக்காகவா? பதவிக்காகவா? அங்கே அமர்ந்திருக்கும் பெற்றோரைக் கேளுங்கள்.

இன்று காலை, சவப்பெட்டியருகே அமைச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

"சொன்னாரு. திங்கக்கிழமை பேச்சுக்கு அவன் வருவான், நாற்காலி போட்டு வைங்கன்னாரு."

அமைச்சர் அவர்களே, போட்டு வைத்திருக்கிறோம். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும், திங்கட்கிழமை ஆயரின் இடத்தில் நான் இருப்பேன். கடைசி மாணவன் வீடு திரும்பும்வரை இந்தப் பேச்சை விடமாட்டோம்.

மேதகு ஆயரே, நீங்கள் இளைப்பாறுங்கள். நாங்கள் இன்னும் இளைப்பாறுவதற்கில்லை.