எல்லார்கிட்டயும் வயசு கேக்கணும்

எல்லார்கிட்டயும்தான் தம்பி. எல்லார்கிட்டயும்னா எல்லார்கிட்டயும்தான், அதுல என்ன சந்தேகம்? தாடி வெச்சிருந்தாலும் சரி, தலை முழுக்க நரைச்சிருந்தாலும் சரி. உதட்டுக்கடியில வெச்சுக்கற அந்த நிக்கோட்டின் பவுச் டப்பாவக் கேட்டு யார் கை நீட்டினாலும், அடையாள அட்டையக் காட்டுங்கன்னு நீ சொல்லணும். அட்டை இல்லையா, டப்பா இல்ல. அவ்ளோதான்.

ஐயோ, பன் வேண்டாம். காபி குடிக்கலாம், அதுக்கு நகராட்சியில தடை இல்ல. பன்னத் தொட்டா லஞ்சமாயிடும். என்ன, ஏலக்காய் போட்டதா? உன் பொண்டாட்டி சுட்டதா? சரி, பாதி குடு. பாதி லஞ்சத்துக்கு யாரும் கேஸ் போட்டதா நான் கேள்விப்பட்டதில்ல.

ம்ம். நல்லாருக்கு.

சரி, வேலையப் பாப்போம். நகராட்சி இன்ஸ்பெக்டர் அன்னெலி ஆபீஸ்லேருந்து ஃபைலத் தூக்கிட்டு நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் வந்தா, பன்னத் தின்னுட்டுப் போயிட்டாங்கற பேர் எனக்கு வந்துடக் கூடாது. முதல்ல, அந்தப் போர்டு எங்க? பதினெட்டு வயசுக்குக் கீழ தரமாட்டோம்னு எழுதின போர்டு. நான்தானே தபால்ல அனுப்பினேன்... எங்க? லாட்டரி ஸ்டாண்டுக்குப் பின்னாலயா? செனாத், அங்க இருந்தா அத யார் படிப்பா, சுவரா? காசு குடுக்கறவங்க கண்ணுல படணும். குடு இங்க. டேப் இருக்கா? அந்த நாய் பிஸ்கட் விளம்பரத்தக் கிழிச்சுடவா? கம்பெனிக்காரன் கோச்சுக்குவானா? கோச்சுக்கட்டும். ஆச்சு பாரு. கோணலா இருக்கா? இருக்கட்டும், கோணலா இருந்தாத்தான் ஜனங்க நின்னு படிப்பாங்க.

அப்பறம் இந்த டப்பாங்கள ஏன் மிட்டாய்க்குப் பக்கத்துல வெச்சிருக்க? தப்புன்னு சட்டத்துல எங்கயும் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா நீயே பாரேன். தர்பூசணி, எலுமிச்சை, புதினா, ஊதா மூடி, ரோஸ் மூடி. எனக்கே ரெண்டு எடுத்து வாயில போட்டுக்கலாமான்னு இருக்கு. உன் முதுகுக்குப் பின்னால கொண்டு போயிடு. கேட்டா நீ திரும்பித்தான் எடுக்கணும். திரும்பற நேரத்துல, இவன் முகம் எட்டாங்கிளாஸ் மாதிரி இருக்கேன்னு யோசிக்கலாம்.

கடைக்காரர் எழுதி வெச்சிருக்க வேண்டிய திட்டம், அத எழுதிட்டியா? காட்டு. இது என்னப்பா இது, பதினோரு பக்கமா? அட்டவணை வேற போட்டிருக்க. நீ இருந்துட்டு வந்த கோத்தன்பர்க்ல எல்லாரும் இப்படித்தானா? பொறுப்பு யாரு, சந்தேகம் வந்தா என்ன பண்றது, பெரியவங்க வாங்கிச் சின்னதுங்களுக்குக் குடுக்கறாங்கன்னு தோணினா என்ன பண்றது, புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு யார் சொல்லித் தர்றது. இவ்ளோதான், ஒரு பக்கம் போதும். இந்த ஜில்லாவுலயே அதிகமா எழுதினவர் மூணு பக்கம் எழுதினார், அதுலயும் ஒரு பக்கம் என்னைத் திட்டி. நீ நல்ல பையன்.

உன்ன அன்னிக்கே பாத்தேனே. நவம்பர்ல பச்சைத் தொப்பி போட்டுட்டு ஒரு பொண்ணு வந்துச்சு, ஞாபகமிருக்கா? நாங்க அனுப்பினவதான்னு அப்பறம் நான் உள்ள வந்து சொன்னேனே. பதினெட்டு முடிஞ்சவ, பாத்தா பதினஞ்சு சொல்லலாம். பதினோரு கடைக்கு அனுப்பினோம். ஏழு கடையில கேக்கவே இல்ல. மூணு கடையில கேட்டாங்க, அவ பையத் துழாவறதப் பாத்துட்டு, பரவால்லம்மா குளிருதுன்னு குடுத்துட்டாங்க. நீ ஒருத்தன்தான் அட்டைய வாங்கி, முன்னாலயும் பின்னாலயும் பாத்து, தொப்பியக் கழட்டச் சொல்லி முகத்தப் பாத்த. கார்ல உக்காந்துட்டு ஜன்னல் வழியா நான் பாத்துட்டே இருந்தேன். கை தட்டணும் போல இருந்துச்சு. கையுறை போட்டிருந்ததால சத்தம் வரல.

இல்ல, அந்தப் பத்துப் பேருக்கும் ஃபைன் எல்லாம் கிடையாது. அந்தச் சோதனைய வெச்சுத் தண்டிக்கக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது. அவ வெளிய வந்தவுடனே நான் உள்ள போய், இப்ப வந்தவ எங்க ஆளுன்னு சொல்லிடணும். அப்பறம் உக்காந்து பேசணும். பேசறதுதான் என் வேலை. வேற எதுவும் எனக்குத் தெரியாது.

ஹோல்கர் பண்ண கூத்து உனக்குத் தெரியாதில்ல? உனக்குக் கடைய வித்துட்டுப் போனானே, அவனேதான். இந்தக் கல்லா மெஷின் இருக்கே, பவுச் டப்பாவக் காட்டினா உடனே நின்னுடும், வாங்கறவரோட பொறந்த தேதியப் போடுன்னு கேக்கும். ஹோல்கர் ஒவ்வொரு தடவையும் அவனோட பொறந்த தேதியவே போட்டிருக்கான். மெஷினுக்கு என்ன தெரியும், திறந்து விட்டுடும். நான் வந்து ஒரு மாசக் கணக்க எடுத்துப் பாக்கறேன், இருநூத்திப் பதினாலு பேர், அத்தனை பேரும் ஒரே நாள்ல பொறந்தவங்க. ஊர்ல இருக்கறதே நூத்தி அறுவது பேர். என்ன ஹோல்கர், அன்னிக்கு ஆஸ்பத்திரியில இடம் இருந்துச்சான்னு கேட்டேன். காது வரைக்கும் சிவந்துட்டான்.

அவனையும் குத்தம் சொல்ல முடியாது. ஞானஸ்நானத்துக்குப் போய்க் கேக் தின்னவன், அந்தப் பிள்ளை வளந்து கடைக்கு வந்தா வயசு கேப்பானா? கேட்டா, என்ன ஹோல்கர், என் அம்மா பேர் மறந்து போச்சான்னு கேப்பாங்க. இங்க அட்டை கேக்கறது கன்னத்துல அறையற மாதிரி. நீ புது ஆள். உனக்கு அந்தத் தொந்தரவு இல்ல. அதனாலதான் சொல்றேன், எல்லார்கிட்டயும் கேளு.

ஏன்னா? ஏன்னா... சமமா நடத்தணும் இல்ல? ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு இன்னொருத்தர விட்டா மனசு கஷ்டப்படும். கிழவங்களுக்கும் ஒரு சந்தோஷம்தான், என்னையும் சின்னப் பையன்னு நெனைக்கிறானேன்னு. அப்பறம் கைக்கும் ஒரு பழக்கம் வந்துடும் பாரு. வேற ஊர்லயா? வேற ஊர்ல... அவங்களும் செய்வாங்க, மெதுவா.

என்ன எடுக்கற? கையேடா? மஞ்சள் பேனாவால கோடு வேறயா? இருவத்தஞ்சுக்குக் கீழ தெரியறவங்ககிட்ட அட்டை கேக்கவும், பக்கம் ஒம்பது. தெரியும் தம்பி. அத எழுதினவளே நான்தான்.

சரி. கடையில வேற யாராவது இருக்காங்களா? பால் அலமாரிப் பக்கம்? இல்லையே. ஃபைல மூடிட்டேன் பாரு. இனிமே பேசறது நகராட்சி இல்ல.

வியாழக்கிழமையானா ஒருத்தர் வருவாரே, பாத்திருப்ப. பனியில காலால உதைச்சு ஓட்டற சறுக்குவண்டியில வருவார், கார் ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இந்தக் கடைய விட்டா அவரால வேற எங்கயும் போக முடியாது. வாசல்ல முட்டிக்கற உயரம். இருக்கறதுலயே காரமானது எதுன்னு கேட்டு, அந்தக் கறுப்பு டப்பாவுல நாலு எடுங்கம்பார். வயசு அறுவத்தேழு. அவருக்குக் குடுக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. எனக்குத் தெரியாதா? இருவத்தாறு வருஷமா ஜில்லா முழுக்க யாருக்குக் குடுக்கலாம், யாருக்குக் கூடாதுன்னு சொல்லிட்டு வர்றவ.

அக்டோபர்ல அவர் இதயத்துல ரெண்டு ஸ்டென்ட் வெச்சாங்க. நிக்கோட்டின மொத்தமா விட்டுடுங்க ஸ்டூரேன்னு டாக்டர் சொன்னார். அங்க நல்லாத் தலையாட்டினார். கார்ல ஏறின உடனே மேல் உதட்டத் தூக்கி ஒண்ணு உள்ள வெச்சுக்கிட்டார். நான் ஓட்டிட்டு இருந்தேன், பாக்காத மாதிரி ஓட்டினேன். வீட்டுல சொல்லிப் பாத்தேன். சண்டை போட்டேன். அழக்கூடச் செஞ்சேன். பனி விழும் போலிருக்கேன்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கறார். ஆமா, என் வீட்டுக்காரர்தான், எங்க வீடு இந்த ஊர்லதான். வேற யாருக்காக நான் இப்படி வந்து பொய் சொல்லிட்டு நிக்கப் போறேன்?

ஹோல்கர்கிட்ட கேட்டிருப்பேன்தான். ஆனா அவன் இவர்கூட நாப்பது வருஷம் சீட்டாடினவன். அட்டையக் காட்டுன்னு அவன் சொன்னா ரெண்டு பேருமே சிரிச்சுடுவாங்க, சிரிச்சா டப்பா கை மாறிடும். இந்த ஊர்ல சிரிக்காம அவர் முகத்தப் பாத்து வயசு கேக்கறதுக்கு உன்ன விட்டா ஆள் இல்ல. அவர்கிட்ட மட்டும் கேட்டா கண்டுபிடிச்சுடுவார், முட்டாள் இல்ல. அதனாலதான் எல்லார்கிட்டயும். பாதிரியார்கிட்டயும் கேளு. என்கிட்டயும் கேளு. கடை உன்னோடது, உன் கடையில இதுதான் வழக்கம்னு சொல்லிடு. யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. நகராட்சிக்குப் புகார் எழுதினா அது என் மேஜைக்குத்தான் வரும்.

செய்வியா? தலையாட்டாத, எங்க வீட்டுலயும் தலையாட்டறாங்க. வாயத் திறந்து சொல்லு.

ம். நன்றிப்பா.

கத்துவார், பயப்படாத. மத்தபடி நல்ல மனுஷன். அட்டையக் காட்டினார்னா குடுத்துடு, அதுக்கு மேல உன்ன ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆனா காட்ட மாட்டார். பாஸ்போர்ட் எப்பவோ காலாவதியாயிடுச்சு. டிரைவிங் லைசென்ஸ்தான் ஒண்ணு, அது செவ்வாய்க்கிழமையிலேருந்து இந்தக் கைப்பையில கிடக்கு. பாவம், வீடு பூரா தேடறார். சோபாவ நகத்தியாச்சு, நாய் படுக்கைய உதறியாச்சு, விறகுக் கொட்டகையிலகூடப் பாத்தாச்சு. நானும் டார்ச்சப் பிடிச்சுக்கிட்டு அவர்கூடக் குனிஞ்சு தேடிட்டுத்தான் இருக்கேன்.