ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை

காபி குடித்த கையோடு பிரஷர் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரமாவது ஆறப் போடுங்கள் என்று எங்கள் கட்டடத்துக்காரர்களிடம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. நீங்களும் ஒரு கோப்பையை முடித்துவிட்டு இரண்டாவதை ஊற்றிக்கொள்கிறீர்கள், தம்பி. முகம் வேறு சிவந்திருக்கிறது. இந்த வயதிலேயே ஒருமுறை பார்த்துவைப்பது நல்லது. சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். செர்பியாவில், லெஸ்கோவாட்ஸ் ஊரில், எங்கள் நாலு மாடிக் கட்டடத்தில், ஸகோர்கா என்று என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் நான் சிஸ்டர்தான். காலையில் என் சமையலறைக்கு வருவார்கள், காபி போடுவேன், மேஜைமேல் கையை நீட்டுவார்கள். நான் பாதரசக் கருவியில்தான் பார்ப்பேன். ரப்பர் பந்தை அழுத்திக் காற்றை ஏற்றி, மெதுவாக இறக்கி, காதால் கேட்டுச் சொல்வேன். அதற்கு ஒரு பழக்கம் வேண்டும்.

எங்கள் ஊரில் பிரஷர் இல்லாத வீடு கிடையாது. ஆளுக்கொரு மாத்திரை வைத்திருப்பார்கள். யாருடையது நன்றாகக் கேட்கிறது என்று பேசுவதுதான் காலை நேரத்து வேலை. ஒருத்திக்குக் கேட்கிறது என்றால் அடுத்தவள் ரெண்டு வாங்கிப் போட்டுப் பார்ப்பாள். கூடாது என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். இரண்டாம் மாடி வெரிட்சா வரும்போதே புலம்பிக்கொண்டு வருவாள்.

"சிஸ்டர், இன்னிக்குத் தெக்குக் காத்து. டீவில வானிலை சொல்றவனே சொல்லிட்டான், பிரஷர்காரங்க ஜாக்கிரதைன்னு. எனக்குக் காதுக்குள்ள ரயிலே ஓடுது."

"ஓடாம என்ன பண்ணும்?" என்பார் அவள் கணவர் ரதோயே. "நேத்து ஒரு கிண்ணம் பன்றிக் கொழுப்பு வறுவல உள்ள தள்ளுனது யாரு, தெக்குக் காத்தா?"

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. நான் எல்லோரையும் பழைய மாத்திரையில் வைத்திருந்தேன். காலை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று வேளை. கஷ்டம்தான். ஆனால் மூன்று வேளை போடுகிறவனுக்குத் தனக்கு நோய் இருக்கிறது என்ற நினைப்பு இருக்கும். மறந்தால் நான் கதவைத் தட்டிக் கேட்பேன்.

பிறகு மூன்றாம் மாடிக்கு ஸ்போமென்கா குடிவந்தாள். பள்ளியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்தவள். கணவர் இறந்ததும் பெரிய வீட்டை விற்றுவிட்டு வந்தவள். மகள் நெவெனா ஆஸ்திரியாவில் இருந்தாள், அங்கிருந்து மாத்திரை அனுப்புவாள். நல்ல பெண், ஸ்போமென்கா. நான் அவளைப் பற்றி எங்கேயும் குறை சொன்னதில்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

முதல் நாள் என் மேஜையில் உட்கார்ந்தபோது நான் வழக்கம்போல, எத்தனை வேளை என்று கேட்டேன்.

"ஒரு வேளைதான் சிஸ்டர். காலைல ஒண்ணு போட்டா மறுநாள் காலை வரைக்கும் நிக்கும். உள்ளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாக் கரையும்."

"விடியக்காலைல அது அசந்து தூங்கிடாதா?"

"நாமதான் சிஸ்டர் தூங்குவோம். மாத்திரை தூங்காது."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கேலியாகச் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் வெரிட்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு நான் எத்தனை ஊசி போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக மூன்றாம் மாடிக்கு ஏற ஆரம்பித்தார்கள். லிஃப்ட் கிடையாது. என் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது. முட்டிவலி என்று அழுகிறவர்கள்கூட ஏறினார்கள். ஸ்போமென்காவிடம் மணிக்கட்டில் கட்டுகிற மெஷின் இருந்தது. பொத்தானை அழுத்தினால் அதுவே உறுமி அதுவே எண்ணைக் காட்டும். சிறு குழந்தையும் பார்க்கலாம். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு கரண்டி பழப்பாகும் ஒரு தம்ளர் தண்ணீரும் கொடுப்பது எங்கள் வழக்கம். அவள் அந்தத் தட்டில் கூடவே ஒரு மாத்திரையையும் வைத்தாள், விரும்பினால் போட்டுப் பாருங்கள் என்று. படித்தவள் செய்கிற வேலையா இது? அவளுக்கு விரல்கள் வாதத்தில் மடங்கியிருந்ததால் அட்டையிலிருந்து பிரிக்க முடியாது. மகள் வரும்போது மொத்தத்தையும் பிரித்து ஒரு கண்ணாடி ஜாடியில் கொட்டி வைத்துவிட்டுப் போவாள்.

என் சமையலறையில் நான் மட்டும் உட்கார்ந்து காபி குடித்தேன். எரிச்சலாக இருந்தது. அதை மறைக்கவில்லை. கிளினிக்கில் இருந்த டாக்டரம்மாவிடம் போய், மூன்று வேளை மாத்திரை சிறந்ததா ஒரு வேளை மாத்திரை சிறந்ததா என்று நேராகவே கேட்டேன். சின்னப் பெண். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரெண்டுமே நல்லதுதான், ஒரு வேளைன்னா மறக்க மாட்டாங்க" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஒரு மருந்து விடியற்காலை வரை தாங்குகிறதா இல்லையா என்று ராத்திரி பகலாகப் பார்த்தால்தானே தெரியும்? பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. எல்லோரும் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

செப்டம்பரில் எங்கள் ஊரில் எல்லாக் கட்டடத்து முற்றத்திலும் குடைமிளகாய் சுடுவார்கள். நாங்களும் அடுப்பு மூட்டி, மூட்டை மூட்டையாகச் சுட்டு, தோலுரித்து, குளிர்காலத்துக்கு அய்வார் என்கிற மிளகாய் விழுது கிண்டினோம். அடுப்பைப் பார்த்துக்கொண்ட என்னைத் தவிர எல்லோருக்கும் கை முழுக்கச் சாறு. எண்ணெய் தீர்ந்துபோனது. ஸ்போமென்கா என்னைப் பார்த்து, "சிஸ்டர், உங்க கைதான் சுத்தமா இருக்கு. என் பாவாடைப் பையில சாவி இருக்கு, நீங்களே எடுத்துக்குங்க. மேல போய் எண்ணெய் பாட்டில எடுத்துட்டு வந்துடறீங்களா?" என்றாள். போனேன்.

ஆமாம், மாற்று மாத்திரைகள் அப்போது என் ஏப்ரன் பையில் இருந்தன. அவளுடையதைப் போலவே வெள்ளையாக, உருண்டையாக, எலும்புக்குக் கொடுக்கிற சத்து மாத்திரை. அவை ஏன் பையில் இருந்தன என்று கேட்டால், சில நாளாகவே இருந்தன. விஷம் கிடையாது. யாருக்கும் எந்தக் கேடும் செய்யாத மாத்திரை. அதை எழுதிக்கொள்ளுங்கள். ஜாடியில் இருந்ததை எடுத்துவிட்டு இதைப் போட்டேன். எண்ணெயையும் மறக்காமல் எடுத்து வந்தேன். மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மருந்து இல்லாமலும் பார்க்க வேண்டும். பெரிய பெரிய கம்பெனிகளே அப்படித்தான் செய்கின்றன.

அடுத்த வாரம் வெரிட்சா மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், அந்த மாத்திரை இருக்கே, அமிர்தம்! ஒண்ணே ஒண்ணு போட்டேன், காதுல ரயில் நின்னே போச்சு."

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. எலும்பு மாத்திரையை விழுங்கிவிட்டு அமிர்தம் என்கிறாள். என்னால் உண்மையைச் சொல்லவும் முடியாது. அவளுக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றும் ஆகாது, அவர்களெல்லாம் ருசி பார்க்கிறவர்கள், சொந்த மாத்திரையை விடாதவர்கள். ஸ்போமென்காவுக்குத்தான் அது ஒன்றே மருந்து. அந்த ரகத்தைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷர் முன்னிருந்ததைவிட மேலே ஏறும். தெரியும். வார்டில் பார்த்திருக்கிறேன். தெரியாது என்று நான் எப்போது சொன்னேன்?

அவளுடைய மெஷின் கூடுதலாகத்தான் காட்டியிருக்கிறது. கலவரப்பட்டு என்னிடம் எடுத்துக்கொண்டு வந்தாள். "பேட்டரி போயிருக்கும். இந்த மணிக்கட்டு சமாச்சாரத்தையெல்லாம் நம்பாதீங்க, நானே விடியக்காலைல வந்து கையில பாக்கறேன்" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு சிஸ்டர் சிரமம்?" என்றாள். ஆனால் மெஷினை உறையில் போட்டு மூடிவிட்டாள். குடிவந்ததிலிருந்து முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டாள். அப்போது அவளை எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது.

முதல் விடியலில் பாதரசம் இருநூறைத் தாண்டி நின்றது. எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். சந்தோஷமாக இருந்தது. விடியற்காலை வரை அந்த மாத்திரை தாங்காது என்று நான் ஆரம்பத்திலேயே சொன்னேன் அல்லவா? அவள் அந்த மாத்திரையையே சாப்பிடவில்லையே என்கிறீர்கள். அதைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள்.

"எவ்வளவு இருக்கு சிஸ்டர்?"

"கொஞ்சம் கூடத்தான். அசையாமப் படுங்க."

"பின்மண்டை விண்ணு விண்ணுனு தெறிக்குது. இன்னொரு மாத்திரை போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்குங்க" என்றேன். அதில் ஆபத்து ஒன்றும் இல்லை.

ஏன் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை என்றால், ஒருமுறை பார்த்ததை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. தொழில் தெரிந்தவர்கள் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். மறுநாளும் பார்த்தேன், இன்னும் ஏறியிருந்தது. இன்னும் ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

அந்த மூன்றாம் நாள் எனக்காகக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அவள் சமையலறைத் தரையில் கிடந்தாள். காபி வைக்கிற செம்பு கையிலேயே இருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது. ஏதோ சொல்ல வந்தாள், வார்த்தை சேரவில்லை. நான் தலையணை எடுத்து வந்து தலைக்கு வைத்தேன். பிறகு பிரஷர் பார்க்கிற பட்டையைக் கையில் சுற்றினேன். வலது கை பார்த்தேன், இடது கை பார்த்தேன். இரண்டு கைக்கும் வித்தியாசம் இருந்தால் சற்று ஓய்வு கொடுத்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது விதி. ஓய்வு கொடுத்தேன். மறுபடி பார்த்தேன். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். நடுவில் எவ்வளவு நேரம் போனது என்று கேட்கிறீர்கள். விதிப்படி எவ்வளவோ அவ்வளவு. அவசரத்தில் எடுத்த அளவை யார் நம்புவார்கள்?

அம்மா என்ன சாப்பிட்டாள் என்று டாக்டரிடம் காட்டுவதற்காக, சேதி கேட்டு ஓடி வந்த நெவெனா அந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். அவர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவுடனே இது அது இல்லை என்று சொல்லிவிட்டாராம். அதற்குள் நான் தினமும் வார்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அங்கேதான் நெவெனா என்னை வழிமறித்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆன்ட்டி, அம்மா கடைசியாப் பேசினப்ப என்ன சொன்னாங்க தெரியுமா? 'சிஸ்டர் தினமும் விடியக்காலைல எந்திரிச்சு மாடியேறி வந்து பாத்துக்கிறாங்க, நீ கவலைப்படாம வேலையப் பாரு'ன்னு சொன்னாங்க. நானும் கவலைப்படாம இருந்துட்டேன்."

"உங்கம்மா நல்ல நோயாளிம்மா. சொன்னபடி கேட்டாங்க" என்றேன். அவளைத் தேற்றத்தான் சொன்னேன். அவள் ஏன் அப்படிப் பார்த்தாள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஸ்போமென்காவுக்குப் பேச்சு வரவில்லை. வலது பக்கம் அசைவதில்லை. நெவெனா வழிமறிப்பதற்கு முன்பு நான் போனபோதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள், அசைகிற இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வாள். பக்கவாதம் வந்தவர்கள் அப்படித்தான், காரணமில்லாமல் பயப்படுவார்கள். நான் மெதுவாக அந்தக் கையை வெளியே எடுத்துப் பட்டையைச் சுற்றுவேன்.

நூற்று முப்பதுக்கு எண்பது. காலையில் போனாலும் அதுதான், சாயங்காலம் போனாலும் அதுதான். இருபத்து நாலு மணி நேரமும் அளவெடுக்கிற கருவியைக் கட்டிப் பார்த்ததாகவும், விடியற்காலையிலும் துளிகூட ஏறவில்லை என்றும் டாக்டர் சொன்னார். என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். மகள் அனுப்பிய அதே மாத்திரைதான், ஒரு நாளைக்கு ஒன்று என்றார். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டு நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறவளுக்கு எந்த மாத்திரைதான் நிற்காது? அது சரியான ஒப்பீடே இல்லை, தம்பி. இன்னும் ஒரு தடவை நிறுத்திப் பார்த்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும்.