டெஸ்க்டாப்பில் இருந்த பதினோரு குரல் பதிவுகள்

பெயர் வேலாயுதம், தகப்பனார் பெயர் குழந்தைவேலு, வயது 57, வசிப்பது செந்தூல். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மாடியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். புகார் கொடுத்த கார்த்திகேசு என் பழைய பார்ட்னர், இப்போது கிள்ளானில் இருக்கிறார். அவருடைய காலஞ்சென்ற மனைவி லோகேஸ்வரி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய பதினோரு குரல் பதிவுகளை நான் வேண்டுமென்றே அழித்துவிட்டதாக அவர் கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்பட்டு இதைச் சொல்கிறேன்.

1998 முதல் இருபது ஆண்டுகள் இருவரும் சேர்ந்து அந்தக் கடையை நடத்தினோம். அப்போது விண்டோஸ் சிடியில் வரும், ஏறி முடிக்க ஒரு மணி நேரம் பிடிக்கும், அதுவரை கீழே டீக்கடைக்குப் போய் தே தாரிக் குடிப்போம். மதியமானால் லோகேஸ்வரி கடைக்குப் போன் செய்து, “ரெண்டு பேரும் சாப்டாச்சா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். எங்கள் கடையில் இரண்டு வழக்கம் உண்டு. டிஸ்கை இரண்டாகப் பிரித்து விண்டோஸை சி டிரைவிலும், வாடிக்கையாளரின் படங்கள், கோப்புகளை டி டிரைவிலும் வைப்போம். கெட்டுப்போனால் சியை மட்டும் அழித்துப் புதிதாகப் போடலாம். அழிக்கும் பொத்தானை ஒருவர் அமுக்குமுன் மற்றவர் “ஷுவரா?” என்று கேட்க வேண்டும். அந்த இருபது வருடத்தில் யாருடைய கோப்பும் போனதில்லை.

அதன் பிறகு, கைப்பேசியும் பழுதுபார்ப்போம் என்று அவர் சொல்ல, நான் மாட்டேன் என்று சொல்ல, பேச்சு முற்றி அவர் கிள்ளானுக்குப் போய்விட்டார். லோகேஸ்வரியின் சாவுக்குக்கூட நான் போகவில்லை. எல்லாம் வீம்புதான். அதை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். ஏழு ஆண்டுக்குப் பிறகு பார்க்கிறேன், தலை முழுக்க நரைத்திருந்தது. “ஓப்பன் ஆக மாட்டேங்குது லா. புதுசா போட்டுக் குடு,” என்றார். கீழே போய் ஒரு தே தாரிக் குடிக்கலாமா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. அவர் போன பிறகு விண்டோஸ் இருந்த பென்டிரைவைச் செருகினேன். வேறு யாருடைய கணினியாக இருந்தாலும் சியில் ஏதும் கிடக்கிறதா என்று தேடியிருப்பேன். எல்லாவற்றையும் டியில் வை என்று ஊருக்கெல்லாம் சொன்னவரே கார்த்திகேசுதான் என்பதால், பார்க்காமலே சியை அழித்தேன். பன்னிரண்டு நிமிடத்தில் புது விண்டோஸ் ஏறிவிட்டது.

மறுநாள் வந்து திறந்து பார்த்தவர், டெஸ்க்டாப்பில் இருந்ததெல்லாம் எங்கே என்று கேட்டார். டெஸ்க்டாப்பில் வைப்பது சியில்தான் சேரும் என்று உனக்குத் தெரியாதா என்றேன். “தெரியும்டா. தொறந்ததும் அவதான் மொதல்ல தெரியணும்னு அங்க வச்சேன்,” என்றார். அதன் பிறகு மீட்கும் மென்பொருளை இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

நான் பகையில் அழிக்கவில்லை. அந்தக் குரலை நானும் இருபது வருடம் கேட்டவன். பொத்தானை அமுக்குமுன் பழக்கதோஷத்தில் கொஞ்சம் நின்றேன். கேட்க ஆள் இல்லை, அமுக்கிவிட்டேன்.

இதை எழுதிக்கொண்ட போலீஸ் சார்ஜன் குரு எனக்கு வாசித்துக் காட்டினார். முடித்ததும், கதவருகே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கார்த்திகேசு தலையைத் தூக்காமலே, “ஷுவரா?” என்று கேட்டார். ஷுவர் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இதில் கையெழுத்துப் போடுகிறேன். சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) கு. வேலாயுதம்