துண்டு போட்ட இடம்

— அதைத் தொடாதீக மதினி!

— தொடலை தம்பி. சும்மா பாத்தேன்… கரண்டு இருக்கா?

— இல்ல. மெயினை எறக்கித்தான் வச்சிருக்கேன். இருந்தாலும் தொட வேணாம். நாளைக்கு மதியத்துக்கு மேல பேக்டரி இன்ஸ்பெக்டர் வாராரு. எல்லாம் இருந்தது இருந்தபடியே இருக்கணுமாம்.

— இருந்தபடியே இருக்கணும்னா நீங்க எதுக்கு ஸ்க்ரூவைக் கழட்டிக்கிட்டு இருக்கீக?

— …தூசி தட்டுறேன். மிளகாப்பொடி உள்ள போயிருக்கு. அது சரி, ஷெட்டைப் பூட்டியில்ல போட்டிருந்துச்சு? எப்படி உள்ள வந்தீக?

— காவலுக்கு இருக்குற கூத்தையா மாமாதான் தெறந்துவிட்டாக. எங்க வீட்டுக்காரக தூக்குச்சட்டியும் செருப்பும் இங்கனதான கெடக்கு. எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.

— தூக்குச்சட்டி அந்தா, ஜன்னல்ல இருக்கு. செருப்பு அரைக்கிற பெட்டிக்கு அடியில… இருங்க, நான் எடுத்துத் தாரேன்.

— வேணாம். எங்க வீட்டுக்காரக செருப்பை நான் எடுக்குறேன்… இந்த இடத்தைக் கழுவிட்டாகளா?

— ம்.

— எதுக்குக் கழுவணும்? மிளகா அரைக்கிற இடம். எல்லாம் செவப்புத்தான. எவனுக்கு வித்தியாசம் தெரியப் போகுது…

— மதினி…

— அழலை தம்பி. அழுகையெல்லாம் மருதை ஆஸ்பத்திரியிலயே தீந்து போச்சு.

— மலையாண்டி அண்ணன் இப்ப எப்படி இருக்காரு?

— காய்ச்சல் விட்டிருச்சு. கஞ்சி குடிக்கிறாக. இடது கையால டம்ளரைத் தூக்கி மூக்குல ஊத்திக்கிட்டாக. ஊத்திட்டு ஒரு சிரிப்பு. "சேது, எனக்கு மறுபடியும் மொட்டை போட்டுக் காது குத்தித்தான் வளக்கணும் போல"ன்னு.

— சிரிக்கிறாரா?

— ஆள் இருந்தாச் சிரிப்பாக. பாக்க வந்தவுக எந்திரிச்சுப் போனதும் ஒரே கேள்விதான். "சேது, நான்தான் துண்டு போட்டேனா? போட்டுட்டு மறந்துட்டேனா? எனக்குப் புத்தி பெசகிருச்சா?"… அதையே திருப்பித் திருப்பிக் கேக்குறாக. கை போனதைக் கூட இத்தனை தடவை கேக்கலை.

— நீங்க என்ன சொன்னீக?

— கஞ்சி ஆறிரும், குடிங்கன்னு சொன்னேன்.

— அந்த ஸ்க்ரூ… கீழ விழுந்திருச்சு.

— என்ன ஆச்சு தம்பி?

— இல்ல. துண்டுன்னு நீங்க சொன்னதும்… அந்தப் பேரை வச்சதே நீங்கதான் மதினி. ஞாபகம் இருக்கா?

— இல்லாம என்ன. நீங்க காயிதத்துல என்னமோ எழுதியிருந்தீகளே…

— டம்மி பிளக்குன்னு.

— ஆமா, டம்மி. அதை முருகேஸ்வரி "மம்மி"ன்னு வாசிச்சா. நீங்க மூணு தடவை வெளக்கம் சொன்னீக. ஒருத்திக்கும் வெளங்கலை. "பூமிநாதன் தம்பி, பஸ்ல ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டு எடம் பிடிப்போம்ல, அதுவா?"ன்னு கேட்டேன். ஷெட்டே சிரிச்சுச்சு.

— நானுந்தான் சிரிச்சேன். நாலு வருசம் கோயம்புத்தூர்ல படிச்சு, ரெண்டு வருசம் படம் வரைஞ்சேன். நீங்க ஒரே சொல்லுல சொல்லிட்டீக.

— உங்க லைனும் லேசுப்பட்டதா தம்பி? நாங்க வேலை பாத்த பழைய மில்லுல மெசினைத் தரையில நட்டா நட்டதுதான். இங்கன எல்லாம் சக்கரம் வச்ச பெட்டி. பங்குனியில மிளகா, ஆவணியில மல்லி, மழைக்காலத்துல உப்பு. காம்பு ஒடிக்கிறது, காய வைக்கிறது, அரைக்கிறது, சலிக்கிறது, பாக்கெட்டு போடுறது… உப்புக்கு எதுக்குக் காம்பு ஒடிக்க? அந்தப் பெட்டியைக் கழட்டி ஓரமாத் தள்ளிட்டு அந்த இடத்துல துண்டைப் போட்டா முடிஞ்சுச்சு. நாலு பொம்பளைக சேந்தா அரை மணியில மொத்த லைனையும் மாத்திருவோம்.

— பேனல் ஒவ்வொரு இடமாப் போய்க் கேக்கும், "இருக்கியா?"ன்னு. பெட்டி இருந்தாப் பெட்டி பதில் சொல்லும். இல்லேன்னாத் துண்டு சொல்லும்.

— "இங்கன ஆள் இருக்கு, நீ போ"ன்னு.

— ஆமா. உடனே பச்சை எரியும்.

— பேனலுக்குத்தான் கண்ணு இல்லையே. ஆளா, துண்டான்னு அதுக்கென்ன தெரியும்… ஏன் தம்பி, நடந்ததையெல்லாம் இது ஞாபகம் வச்சிருக்குமாமே? முத்தழகு சொன்னா.

— எந்தப் பிளக்கு எத்தனை மணிக்குக் கழண்டுச்சு, எப்ப மாட்டுச்சுன்னு பதியும்.

— யாரு கழட்டுனதுன்னும் பதியுமா?

— அது தெரியாது. மணி மட்டுந்தான்.

— …என்ன மணி போட்டிருக்கு?

— எதுக்கு மதினி இப்ப அது?

— சொல்லுங்க.

— மார்ச் பத்தொம்போது. அரைக்கிற பெட்டிக் கதவு தெறந்தா மெசினை நிறுத்துற வயரு இருக்குல்ல, அதைப் பிடுங்குனது பதினொண்ணு பத்து. அந்த ஓட்டையில துண்டைச் சொருகுனது பதினொண்ணு பதினொண்ணு. கட்டி அடைச்சு லைன் நின்னது இருவத்தஞ்சு. ஸ்டார்ட்டு…

— இருவத்தேழு. அதை நான் சொல்றேன். அமுக்குனது நான்தான. அது ஊருக்கே தெரியும்.

— உங்க மேல தப்பில்ல மதினி. நீங்க நின்ன இடத்துலருந்து அண்ணன் தெரிய மாட்டாரு. நடுவுல சலிக்கிற பெட்டி மறைக்குது.

— பழைய மில்லுல ஓட்டுறதுக்கு முன்னாடி கத்துவோம். "கையை எடுத்தாச்சா?"ன்னு. அந்தப் பக்கத்துலருந்து "எடுத்தாச்சு"ன்னு கொரல் வந்தாத்தான் லீவரைத் தொடுவோம். இங்கன வந்த மொத நாளே நீங்க சொன்னீக, "இனிமே கத்த வேணாம் மதினி, அஞ்சும் பச்சையான்னு பாத்தாப் போதும்"னு. பாத்தேன். அஞ்சும் பச்சை. கதவைத் தெறந்தா மெசின் செத்த பாம்பாக் கெடக்கும். ரெண்டு மாசமா அப்படித்தான கெடந்துச்சு? அதை நம்பித்தான் அவுக கட்டியை எடுக்கக் கையை விட்டாக… தம்பி, அந்த மணியை அழிக்க முடியுமா?

— அழிக்கவா? எதுக்கு?

— அவுக பேருக்கு ஒண்ணும் வந்திரக் கூடாதுன்னுதான்.

— மணியை வச்சு யாருன்னு சொல்ல முடியாது. ஆனா… பதினொண்ணு பத்துக்கு அண்ணன் எங்கன இருந்தாரு?

— அவுக… டீக்குப் போயிருக்கலாம். எனக்குச் சரியா… அந்தச் செருப்பை இப்படித் தள்ளுங்க தம்பி. உங்க பையை ஓரமா வைக்கிறேன், நடுவுல கெடக்கு.

— பையை விடுங்க மதினி. நானே எடுக்குறேன். பையை…

— ஐயய்யோ, கொட்டிருச்சே. இருங்க, பொறுக்குறேன்… இது என்னா பிளக்கு?

— குடுங்க.

— ஒண்ணு, ரெண்டு, மூணு… இது அஞ்சு பின்னு. நம்ம ஷெட்டுல எல்லாமே நாலு பின்னுதான?

— …புதுசு. வேற வேலைக்கு வாங்குனது.

— வேற வேலைக்கா? நீங்க கழட்டிக்கிட்டு இருக்குறது கதவு வயரோட பிளக்கு. தூசி தட்டவா இத்தனை ஸ்க்ரூ?

— மதினி, உங்களுக்கு இது புரியாது…

— மொத நாளு டம்மியே புரிஞ்சுச்சு, இது புரியாதா? இதையும் இதுக்கேத்த சாக்கெட்டையும் மாட்டிட்டா நாலு பின்னுத் துண்டு கதவு ஓட்டையில போகாது. நாளைக்கு வாரவரு சொருகிப் பாப்பாரு. போகாது. "பொருந்தாததைப் போட்டு அடிச்சுச் சொருகியிருக்கான், இவன் கை போனதுக்கு இவனே காரணம்"னு எழுதிட்டுப் போவாரு. சரியா?

— சரிதான்.

— எப்படித் தம்பி மனசு வந்துச்சு? அவுக கையால எத்தனை நாளு மீன் கொழம்பு வாங்கிச் சாப்பிட்டிருக்கீக?

— தை மாசமே எனக்குத் தெரியும் மதினி.

— என்னது தெரியும்?

— ட்ரையல் ஓட்டுறப்போ நானே கை தவறி, துண்டைக் கதவு ஓட்டையில சொருகிட்டேன். லேசாப் போய் உக்காந்துச்சு. கதவு ஆன்னு தெறந்து கெடக்கு, பேனல்ல பச்சை எரியுது. பாத்துக்கிட்டே நின்னேன்.

— மாத்தலையா?

— நோட்டுல எழுதினேன். "கதவுக்கு மட்டும் வேற பிளக்கு வைக்கணும்." அதுக்குக் கீழ கோடு கூடப் போட்டேன். ஆனா எல்லாத்துக்கும் ஒரே பிளக்கு, எது வேணாலும் எதுல வேணாலும் மாட்டும்… அதுதான மதினி இந்த லைனு? முதலாளிகிட்ட அதைச் சொல்லித்தான சம்மதம் வாங்குனேன்? ஒரு இடத்துல வேற வச்சா என்னமோ என் படமே அழுக்காப் போற மாதிரி இருந்துச்சு. சீசன் முடியட்டும்னு விட்டுட்டேன்.

— அந்த நோட்டு எங்க?

— நீங்க பொறுக்குனீகளே, அதுக்குள்ளதான்.

— கிழிக்கலையா?

— ரெண்டு தடவை பாத்தேன். கை வரலை.

— …கையைப் பத்தி இங்கன பேசாதீக தம்பி.

— தப்புத்தான். மன்னிச்சிருங்க.

— மாசி வரைக்கும் அந்தக் கையாலதான் எங்க கொல்லையில மிளகாச் செடிக்கு மண் அணைச்சாக. இந்தப் பொடியில எங்க மிளகாயும் இருக்கு…

— நான் என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க மதினி. இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லிருவேன். ஆனா அண்ணன் மொகத்தைப் பாத்து எப்படிச் சொல்லுவேன்? அவரு தன் புத்தியச் சந்தேகப்பட்டுக்கிட்டுக் கெடக்காரு. எல்லாம் தெரிஞ்ச நான் இங்கன உக்காந்து ஸ்க்ரூ கழட்டுறேன். என்னைத் திட்டுங்க. அந்தச் செருப்பாலயே அடிங்க. இப்படிச் சும்மா மட்டும் நிக்காதீக.

— நான் எந்த மொகத்தோட உங்களை அடிக்கிறது தம்பி? பதினொண்ணு பத்துக்கு அவுக டீக்கும் போகலை, ஒண்ணுக்கும் போகலை. வெளியில எடை போடுற இடத்துல நின்னாக. கதவு வயரு தூசி அடைச்சு விட்டு விட்டுச் செவப்புக் காட்டுச்சு, லைன் நின்னு நின்னு போச்சு. நான்தான் அதைப் பிடுங்கிட்டுத் துண்டைச் சொருகுனேன். அவுக வந்ததும் சொல்லணும்னு நெனச்சேன். பாக்கெட்டு குமிஞ்சிருச்சு, மறந்துட்டேன்… அவுகளுக்குப் புத்தி ஒண்ணும் பெசகலை. அஞ்சு நாளா அதைச் சொல்ல வாயைத் தெறக்குறேன், "கஞ்சி ஆறிரும்"னுதான் வருது. மணியை அழிச்சிட்டா இப்படியே இருந்துரலாம்னு வந்தேன்… காலையில அஞ்சேமுக்காலுக்குப் பரமக்குடியிலருந்து மருதை வண்டி. மதியத்துக்குள்ள திரும்பிரலாம். அந்த அஞ்சு பின்னை இங்கனயே போட்டுட்டு, நோட்டை மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க. அவுககிட்ட நீங்க மொதல்ல சொன்னா நானும் சொல்லிருவேன். எனக்குப் பின்னாடி சீட்டுல உங்களுக்கு ஒரு துண்டு போட்டு வைக்கிறேன்… வாரீகளா தம்பி?